ட்ரென்தேயில் நான் திறந்த மதகு

முழங்காலுக்கு மேல் தண்ணீர். பேண்ட்டைத் தொடைவரை சுருட்டியிருந்தேன். கையில் மூன்றாவது பலகை. முதல் இரண்டும் கரையில் கிடந்தன. மூன்றாவதை இப்படியும் அப்படியும் அசைத்துத் தூக்கியதும், கிடைத்த சந்து வழியாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு இறங்கியது. டிகாஷன் நிறத் தண்ணீர். தேங்கிய தண்ணீர் வடிகிற சத்தம் இருக்கிறதே, அது எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கல்யாண வீட்டு நாயனம் மாதிரி. கேட்டுக்கொண்டே நிற்கலாம்.

கரைமேல் சாதிக் பாய் என் ஷூக்களைக் கைக்கொன்றாகப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, யாரயாச்சும் ஒரு வார்த்த கேட்டியா?"

"தண்ணி நிக்குது பாய். கேட்டுக்கிட்டு நின்னா பயிரு அழுவிடும்."

"எங்கடா பயிரு?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாசி. நடுநடுவே கோரை போல ஒரு புல். அதன் நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளைப் பூ. எல்லாம் தண்ணீருக்குள் பாதி முழுகிக் கிடந்தன.

"அதா பயிரு?"

"ஏதோ ஒண்ணு பாய். உயிரு உள்ளது. முழுகிக் கெடக்கு, பாத்துட்டுப் போவ மனசு வரல."

"சரி, தர்மம் பண்ணது போதும், ஏறி வா. பசிக்குது."

ஏறி வந்தேன். மூன்று பலகைகளையும் வரிசையாக அடுக்கி, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு மரக்கட்டையை வைத்தேன். பிறகு சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன். நெதர்லாந்தில் இருந்த இரண்டு வருடங்களில் நான் செய்த ஆகப் பெரிய நாசம் அதுதான். அதை அவ்வளவு சுத்தமான மனசோடு செய்தேன்.

பரீட்சை எழுதிய கை

இந்தத் தொடரை நடுவில் பிரித்துப் படிப்பவர்களுக்காக ஒரு பத்தி. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமம் என்னுடையது. அப்பா பக்கிரிசாமி, ஒரு காலத்தில் பண்ணையாள், இப்போது குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார். எங்கள் வீட்டில் பஸ் போர்டை நின்று முழுதாகப் படித்துவிட்டு ஏறிய முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் பஸ்ஸின் நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறார். அவர் தப்பான பஸ்ஸில் ஏறியதில்லை. நான் இரண்டு முறை ஏறியிருக்கிறேன்.

நீர் மேலாண்மை படிக்க எனக்கு நெதர்லாந்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்த கதையைப் போன வாரங்களில் எழுதிவிட்டேன். அந்தப் படிப்பின் கடைசிப் படி, மூன்று மாதக் களப் பயிற்சி. எனக்கு வாய்த்த இடம் ட்ரென்தே. நாட்டின் வடகிழக்கு மூலை. ஹாலந்து என்றதும் ஊரில் எல்லோரும் கேட்கிற துலிப் பூவும் காற்றாலையும் அங்கே அநேகமாகக் கிடையாது. புதர்க்காடு, சதுப்பு நிலம், ஆடு, பழைய கல். ஊர்க்காரர்களும் அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

அங்கே ஓர் இயற்கைக் காப்பு நிலம். அதன் காவலர் ஹென்க். ஐம்பது வயது, நெடுநெடுவென்ற உயரம், ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். மூன்று மாத முடிவில் ஒரு படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குப் பட்டம். "பொங்கலுக்குப் பையன் பட்டத்தோட வர்றான்" என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

இதில் சொல்ல வெட்கமான சங்கதி ஒன்று உண்டு. வற்றிய சதுப்பு நிலத்தை மறுபடி ஈரமாக்குவது எப்படி என்று அந்த வருடம்தான் ஒரு பரீட்சை எழுதியிருந்தேன். பழைய வடிகால்களைப் பலகை வைத்து அடைக்க வேண்டும், வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லையென்றால் அடியிலுள்ள மக்கு மண் காய்ந்து, சிதைந்து, புகையாகக் காற்றில் போய்விடும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நல்ல மதிப்பெண். பரீட்சை எழுதிய கையும் இதே கைதான். ஆனால் நிற்கிற தண்ணீரைக் கண்டதும் அது பல்கலைக்கழகத்தை மறந்து ஊருக்குப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நடவு நட்ட மறு வாரம் வானம் பொத்துக்கொள்ளும். விடிந்து பார்த்தால் வயல் குளமாகியிருக்கும். பல் துலக்குவதற்கு முன்னால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நான் ஏழாம் வகுப்பில் அரைப் பரீட்சைக்குப் படித்ததைவிட வடிகால் வெட்டியதுதான் அதிகம்.

மரம் பிடுங்குகிறவன்

முதல் மூன்று வாரம் ஹென்க் எனக்குக் கொடுத்த வேலை மரக்கன்று பிடுங்குவது.

புதர்க்காட்டில் ஆகஸ்ட் முடிவில் ஊதாப் பூ பூக்கிறது. மைல் கணக்கில் ஊதா. அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். விட்டுவிட்டால் பத்து வருடத்தில் அந்த இடம் காடாகிவிடுமாம். அதனால் பிர்ச் என்று ஒரு மரத்தின் கன்று எங்கே தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்க வேண்டும். இயற்கையைக் காப்பாற்ற நான் ஒரு நாளைக்கு முந்நூறு மரங்களைக் கொன்றேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"நடுறதா, புடுங்குறதா?"

"புடுங்குறதுப்பா."

"சரி, இங்க எல்லாருகிட்டயும் நடுறன்னே சொல்லிக்கிறேன்."

பிடுங்கியதில் தப்பியதைத் தின்பதற்கு ஆட்டு மந்தை ஒன்று உண்டு. மேய்ப்பர் ஒருவர், இரண்டு நாய்கள். கோடையில் ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையோடு வந்து எங்கள் வயல்களில் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடு அங்கே அடைந்தால் அந்த வயலுக்கு அந்த வருடம் எரு போட வேண்டாம். ட்ரென்தேயிலும் அந்தக் காலத்தில் ஆட்டைக் கட்டி வைத்து எரு சேர்த்துத்தான் வயலுக்குப் போட்டிருக்கிறார்கள். இந்தப் புதர்ப் பொட்டல் உண்டானதே அப்படி வெட்டியும் மேய்த்தும்தான் என்று ஹென்க் சொன்னார். இப்போது எரு கேட்பார் இல்லை. பொட்டல் பொட்டலாகவே இருக்க வேண்டும் என்பதற்காக ஆடு சம்பளத்துக்கு மேய்கிறது.

இதையெல்லாம் நோட்டில் மரியாதையாக எழுதிக்கொண்டேன். சதுப்புப் பக்கம் என்னை இன்னும் கூட்டிப்போகவில்லை. "அடுத்த வாரம்" என்று சொல்லியிருந்தார் ஹென்க். ஒரு வாரம் முந்திக்கொண்டு நானே போய்விட்டேன்.

கல்லு எந்த ஊரு?

சாதிக் பாய் முத்துப்பேட்டைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருடம் துபாய், பிறகு எப்படியோ சுற்றி வந்து பக்கத்து ஊரில் ஓர் இந்திய ஓட்டலில் சமையல். ஒரு நாள் அங்கே சாம்பாரில் சர்க்கரை இருக்கிறதே என்று நான் சமையல்கட்டை எட்டிப் பார்க்கப் போய், "இவனுவோளுக்கு அப்புடித்தான் போடணும் தம்பி, நீ உள்ள வா, ஒனக்கு வேற வச்சிருக்கேன்" என்று அறிமுகமானவர். அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வியாபாரம். வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த அனுபவம்தான்.

மூன்று நாள் விடாத மழை ஓய்ந்த திங்கட்கிழமை அவருக்கு விடுமுறை. எனக்கும் வேலை இல்லை. "வா தம்பி, அந்தக் கல்லு கல்லுன்றானுவோளே, என்னன்னு பாத்துட்டு வருவோம்" என்றார். சைக்கிளில் போனோம்.

ஓக் மரங்களுக்கு நடுவே இருந்தது. மாட்டு வண்டி அளவு உருண்டைக் கற்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, மேலே அதைவிடப் பெரிய கற்களைப் பாலம் போலப் போட்டிருந்தார்கள். கீழே குனிந்து நுழையலாம். ஐயாயிரம் வருடத்துக் கல்லறை. ராட்சதர்கள் கட்டினார்கள் என்று அந்த ஊர்ப் பழைய ஆட்கள் நம்பியிருக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் இப்படிக் கல்லைக் கண்டால் பாண்டவர் மேல் போட்டுவிடுவார்கள். தன்னால் தூக்க முடியாத கல்லைத் தன் முப்பாட்டன் தூக்கியிருப்பான் என்று ஒத்துக்கொள்ள எந்த ஊர்க்காரனுக்கும் மனசு வருவதில்லை.

வேலி இல்லை, காவல் இல்லை, டிக்கெட் இல்லை. மேல் கல்லில் ஒரு தம்பதி கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மேலே வாங்க, இங்கேருந்து நல்லாத் தெரியும்" என்று எங்களையும் கூப்பிட்டார்கள்.

நான் அதற்குள் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தேன். சமாதி அல்லவா. அந்த அம்மாள் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஷூ கடிக்கிறதா, பிளாஸ்திரி வேண்டுமா என்று அக்கறையாகக் கேட்டார்.

சாதிக் பாய் வழியெல்லாம் "கல்லத் தூக்கி வச்சவன் கூரைய மறந்துட்டான் பாரு" என்று கிண்டல் செய்துகொண்டு வந்தவர். கிட்டே போனதும் சத்தம் அடங்கிவிட்டது. கல்லின் ஓரம் நின்று வாய்க்குள் ஒரு ஸலாம் சொன்னார்.

"யாரு என்னன்னு தெரியாதே பாய்."

"கபுருன்னா கபுருதான். யாரா இருந்தா என்ன. போற எடத்துல நமக்கும் யாராச்சும் சொல்லணும்ல."

வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"கல்லு எந்த ஊருது?"

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் வண்டல், வண்டலுக்குக் கீழே களி, களிக்குக் கீழே மணல். கல் தானாகக் கிடைக்காது. அம்மிக்கல் வெளியூர். சர்வே கல் தாலுகா ஆபீஸ். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலே வெளியூர்க் கல்தான். கல் இருந்தால் யாரோ கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"வடக்கே ஸ்வீடன் பக்கத்துக் கல்லுப்பா."

"யாரு கொண்டாந்தா?"

"ஐஸு. ஐஸு நகத்திக்கிட்டு வந்து இங்க போட்டுட்டுக் கரஞ்சிடுச்சு."

அப்பா என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார். "வேளைக்குச் சாப்புடு தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பும்போது குறுக்கு வழி என்று சதுப்பு ஓரமாகப் போனோம். மூன்று நாள் மழைத் தண்ணீர் தளதளவென்று நின்றது. வாய்க்கால் குறுக்கே பலகை மதகு. பக்கத்தில் டச்சு மொழியில் ஓர் அறிவிப்பு. மீன் பிடிக்காதே என்று இருக்கும் என நினைத்துக்கொண்டேன். மதகுக்குப் பூட்டு இல்லை. அடுத்தவன் பலகையைத் தொடுகிற ஜனம் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பதால் பூட்டு இல்லை. மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஒரு முழம்

புதன்கிழமை காலை ஹென்க் வண்டியில் வந்து இறங்கிய விதமே சரியில்லை. கதவை அறைந்து சாத்தினார். என்னை ஏற்றிக்கொண்டு நேரே அந்த மதகுக்கே போனார்.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். என் நினைவில் அது தமிழாகத்தான் இருக்கிறது.

"பாரு. இதப் பாரு."

பார்த்தேன். தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. மேட்டில் இருந்த பாசி வெளுக்க ஆரம்பித்திருந்தது. மழை ஓய்ந்ததோடு, அந்த ஊரில் வறட்டுக் காற்றான கிழக்குக் காற்று வேறு பிடித்துக்கொண்டது.

"பதினோரு வருஷமா ஒவ்வொரு விரக்கடையா ஏத்தி வச்ச தண்ணி. ரெண்டு நாள்ல போச்சு."

அந்த நொடியில்தான் பரீட்சைத் தாள் எனக்கு ஞாபகம் வந்தது. வரி வரியாக ஞாபகம் வந்தது. மூன்றாம் கேள்வி, பதினைந்து மதிப்பெண்.

"யாரு... யாரு செஞ்சிருப்பா?" என்று கேட்டது நான்தான். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

"கெரிட். வேற யாரு? பலகைய எவ்வளவு ஒழுங்கா அடுக்கி, மேல கட்டை வச்சிருக்கான் பாரு. வெவசாயி கை."

கெரிட் பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயி. இவர்கள் சதுப்பில் தண்ணீர் நிறுத்துவதால் தன் வயல் ஓரம் ஊறுகிறது என்று பல வருடமாகச் சண்டை. கூட்டம் போடும்போதெல்லாம், "ஒரு நாள் பாருங்க, நானே வந்து பலகையத் தூக்கிடுவேன்" என்று சொல்லிவந்த மனிதர். அவர் சொல்ல, நான் தூக்கிவிட்டேன்.

ஹென்க் மதகை அடைத்தார். பிறகு அளவுகோலை என்னிடம் கொடுத்தார்.

"காலையும் சாயங்காலமும் அளந்து எழுது. வெள்ளிக்கிழமை கெரிட் மேல புகார் குடுக்கப்போறேன். உன் அளவுதான் கூட வைக்கிற ஆதாரம். அளந்தவன்னு நீதான் கீழ கையெழுத்துப் போடணும்."

இரண்டு நாள் அளந்தேன். என் நாசத்தை நானே மில்லிமீட்டர் சுத்தமாக எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கிறது என்று ஹென்க் பாராட்டினார்.

சாதிக் பாயிடம் போனேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"சொன்னா என்னாவும்?"

"கையெழுத்துப் போட மாட்டாரு. பட்டம் போயிடும்."

"சொல்லாட்டி?"

"கெரிட் மாட்டிக்குவாரு."

"நான் அன்னைக்கே கேட்டேன்ல, யாரயாச்சும் கேட்டியாடான்னு?" என்றார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "சாட்சிக்குக் கூப்புட்டா நான் வரேன். ஒன் ஷூவப் புடிச்சிக்கிட்டு நின்னது நான்தானே" என்றார்.

அப்பாவின் கட்டைவிரல்

அப்பாவிடம் சொன்னேன். சொல்லும்போதே தெரியும், அவருக்கு இது வெறும் செய்தியாக இருக்காது என்று.

பழைய கதை ஒன்று உண்டு. அப்பாவுக்கு அப்போது என் இப்போதைய வயது. மிராசுதார் பண்ணையில் வேலை. அடைமழையில் பண்ணை நிலம் முழுகிவிட்டது. "பக்கிரி, போயி வடிமதகத் தூக்குடா" என்றார் பண்ணையார். தூக்கினால் கீழே அடுத்த ஊர் நடவு முழுகும். தூக்கச் சொன்னவர் முதலாளி. அப்பா தூக்கினார்.

கீழ் ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். மதகுத் தூணிலேயே கட்டிவைத்து அடித்தார்கள். பண்ணையாரை வரவழைத்துக் கேட்டார்கள். அவர் குடையை மடக்காமலே நின்று, "நான் எதுக்குச் சொல்றேன்? அவனா போயித் தூக்கியிருக்கான்" என்றார். யாரோ ஒரு காகிதம் எழுதினார்கள். அப்பாவின் கட்டை அவிழ்த்து, கட்டைவிரலை மையில் தோய்த்து அதில் வைத்தார்கள். என்ன எழுதியிருந்தது என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.

இதை அப்பா எனக்குச் சொன்னதில்லை. அம்மா சொன்னது. அந்த மதகுச் சாலையில் பஸ் போனால் அப்பா எதிர்ப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார்.

நான் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார். "அந்தாளு நெலம் வச்சிருக்கானா?"

"நெறைய வச்சிருக்காருப்பா."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆவாது. நெலம் வச்சிருக்கிறவன எந்த ஊர்லயும் யாரும் தூண்ல கட்ட மாட்டான். நீ வாயத் தொறக்காத."

"அவரு செய்யலயேப்பா."

"நான் மட்டும் என்ன எனக்காவா செஞ்சேன்?"

அப்பா அந்தச் சம்பவத்தைப் பற்றி என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "படிச்சிட்டு வந்து சேரு. அது போதும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஹென்க் காகிதத்தை நீட்டினார். மேலே புகார், கீழே என் அளவுகள், அதற்கும் கீழே எனக்கு ஒரு கோடு. எங்கள் வீட்டில் கோட்டின் மேல் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பேனாவைத் திறந்தேன். மூடினேன். "அவரு வீட்ல வச்சே போட்டுடுறேன்" என்றேன். ஹென்க் அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு குற்றவாளிகள்

கெரிட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். கெரிட் பெரிய உருவம், சிவந்த கழுத்து. அவர் மனைவி எங்கள் மூவருக்கும் காபி ஊற்றினார். புகார் கொடுக்க வந்தவருக்கும் காபி உண்டு. அந்த ஊர் வழக்கம்.

எனக்காக எல்லோரும் ஆங்கிலத்திலேயே பேசினார்கள். ஹென்க் புகாரை வாசித்தார். கெரிட் நாற்காலியில் சாய்ந்து, வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, பேரனின் பள்ளிக்கூடப் பாராட்டுப் பத்திரத்தைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இதுக்கு நீ என்ன சொல்றே?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் கெரிட். மறுக்கவும் இல்லை.

என் முறை. கோடு காத்திருந்தது.

"அவரு இல்ல. நான்தான் தூக்கினேன்."

ஹென்க் என்னைத் திரும்பிப் பார்த்தார். கெரிட் பார்த்த பார்வைதான் எனக்குப் புரியவில்லை. கோபம்.

"இவன் பொய் சொல்றான்" என்றார் கெரிட். "நான்தான் தூக்கினேன்."

"இல்ல, நான்தான்!"

"தம்பி, நீ சும்மா இரு. இது எங்க ஊரு வெவகாரம்."

ஹென்க் காபியை ஒரு வாய் குடித்தார். "எத்தன பலகை?"

"ரெண்டு" என்றார் கெரிட்.

"மூணு" என்றேன் நான். "மூணாவது ஊறி உப்பியிருந்துச்சு. அசச்சு அசச்சு எடுத்தேன். மேல கட்டை வச்சதும் நான்தான்."

கெரிட் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். "கெரிட், திங்கக்கிழம நீ உங்க அக்கா வீட்ல இருந்தே. அவ வேலிக்குப் பெயிண்ட் அடிச்சிட்டு வந்தே."



விஷயம் அந்த அம்மாள் வாயால் வெளியே வந்தது. பலகை தூக்கப்பட்ட செய்தி பரவியதிலிருந்து கெரிட் ஊரில் நாயகன். கடைத்தெருவில் கை குலுக்குகிறார்கள். எட்டு வருடமாகப் பேசாத ஒருவர் வீடு தேடி வந்து தோளில் தட்டிவிட்டுப் போயிருக்கிறார். பல வருடம் வாயால் மட்டும் பேசியவன், கடைசியில் செய்துகாட்டிவிட்டான் என்று பேச்சு. சனிக்கிழமை ஊர் விழா. அங்கே அவருக்காகப் பாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்ததாம்.

கெரிட் என்னைப் பார்த்தார். அந்தச் சிவந்த முகத்தில் அவ்வளவு வருத்தம்.

"சனிக்கிழம வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?"

ஓர் அப்பாவியைக் காப்பாற்ற நான் பட்டத்தைப் பணயம் வைத்துப் போனேன். அந்த அப்பாவி என்னை மன்னிக்கவே இல்லை.

ஹென்க் என்னை ஏற்றிக்கொண்டு திரும்பினார். காப்பு நிலத்து வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"ஏன் தூக்கினே?"

"தண்ணி நின்னுச்சு."

"அதுக்கு?"

"நின்னா வடிக்கணும்."

ஹென்க் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"அந்த வாய்க்கால வெட்டினதே எங்க தாத்தாதான். முப்பது பேரு, மண்வெட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க. நான் பதினோரு வருஷமா அத மூடிக்கிட்டு இருக்கேன். அவருக்கு உன்னைப் பிடிச்சிருக்கும்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எனக்குப் பிடிக்கல. எல்லாத்தையும் எழுது. என்ன செஞ்சே, எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு நாள்ல ஏறுச்சு. தண்ணி பழைய கோட்டுக்கு வர்ற வரைக்கும் நீ மரம் புடுங்க வேண்டாம். அளந்துக்கிட்டே இரு. வந்தப்புறம் கையெழுத்து."

புகாரைக் கிழித்தார். அளவுகள் இருந்த பக்கத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார். 'மதகைத் திறந்தவர்' என்று ஒரு வரி சேர்த்து என் பெயரை எழுதினேன். கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன்.

மழை நவம்பரில்தான் வந்தது. கார்த்திகை மழையை நிறுத்தச் சொல்லி மாரியம்மனிடம் மன்றாடுகிற ஊரில் பிறந்தவன், ஒரு மாத காலம் தினமும் வானத்தைப் பார்த்து மழை கேட்டேன். வந்தது. கையெழுத்தும் வந்தது. அந்த மதகுக்கு இப்போது பூட்டு உண்டு. ஐயாயிரம் வருடத்துக் கல்லுக்கு இல்லாத காவல் அந்த மூன்று பலகைக்கு இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகலே அப்பாவைக் கூப்பிட்டேன். ஊரில் விளக்கு வைத்திருப்பார்கள்.

"சொல்லிட்டேன்பா."



"எத்தன பேரு இருந்தானுவோ?"

"மூணு பேருப்பா."

"அடிச்சானுவோளா?"

"இல்லப்பா."

"கட்டிக் கிட்டி..."

"இல்லப்பா. காபி குடுத்தாங்க. சொன்னதுக்கு அப்பறம் இன்னொரு கப்பு ஊத்துனாங்க."

 

"நீ இங்கிலீசுல சொன்னது அவங்களுக்குப் புரியல தம்பி" என்றார் அப்பா. "நாளைக்குப் போயி மறுபடி..." நிறுத்தினார். "இல்ல, வேணாம். போவாத. புரியாமயே இருக்கட்டும்."